பிரஷர் முள்ளைப் பார்த்தீர்களா? வீட்டு பாய்லர் கேள்வி பதில்

18 வருடமாக வீட்டு பாய்லர்களைத் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். நான் பேசப்போவது கேஸில் எரிந்து, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் சுடுதண்ணீர் தருகிற பாய்லரைப் பற்றி. ஒருவர் மட்டும் கரண்ட் கீசரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவர் கடைசிவரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு சார் வருடா வருடம் சர்வீஸ்? வருகிறவர் மேல்மூடியைத் துடைத்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்.

பதில்: துடைத்துவிட்டுப் போவதற்குப் பெயர் சர்வீஸ் இல்லை. உங்கள் எரிச்சலில் தப்பே இல்லை. அடுத்த முறை வருகிறவர் பையிலிருந்து புகையை அளக்கும் கருவியை எடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். கைக்குள் அடங்கும் கருவி, ரப்பர் குழாயின் நுனியில் ஓர் உலோகக் குச்சி இருக்கும். அந்தக் குச்சியைப் புகைக்குழாயில் இதற்கென்றே விட்டிருக்கும் துளையில் செருகி, பாய்லரை முழு வேகத்தில் ஓடவிட்டு, எண்கள் ஆடாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று காட்டும். அப்புறம் குறைந்த வேகத்தில் இன்னொரு தடவை. இரண்டையும் கையேட்டில் இருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

‘நன்றாக ஓடுகிறதே’ என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. கேஸ் எரிகிற பர்னருக்குப் போகும் காற்றோடு தூசியும் பஞ்சும் சேர்ந்தே போகின்றன. காற்று குறைந்தால் கேஸ் முழுதாக எரியாது. வீடு அப்போதும் சூடாகும், குழாயிலும் சுடுதண்ணீர் வரும். கெட்டுப்போவது புகைதான். அதை அந்தக் கருவிதான் சொல்லும்.

இதோடு சுடரை உணரும் எலக்ட்ரோடைச் சுத்தம் செய்வது, பர்னர் கதவின் சீலைப் பார்ப்பது, புகையிலிருந்து வடியும் நீர் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுவது, விரிவுத் தொட்டியின் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்) காற்றை அளப்பது என்று வேலை இருக்கிறது. எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். இவ்வளவு பேசுகிற நானே என் வீட்டு பாய்லரை இரண்டு வருடம் கவனிக்காமல் விட்டவன்தான். நல்ல குளிரில் ஒரு ராத்திரி நின்றுவிட்டது. கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே களிம்பு மாதிரி கசடு அடைத்திருந்தது. வீட்டுக்காரி அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கேள்வி: அண்ணா, வாரத்துக்கு ஒருமுறை பிரஷர் முள் சிவப்புக்கு இறங்கிவிடுகிறது. கீழே இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீர் ஏற்றிவிடுகிறேன், சரியாகிவிடுகிறது. இதில் பிரச்சினை ஏதும் உண்டா?

பதில்: உண்டு தம்பி. நான் பார்த்தவரை பாய்லரைக் கொல்வதில் முதலிடம் இந்தப் பழக்கத்துக்குத்தான்.

பாய்லர், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து மூடிய ஒரே சுற்று. ஒருமுறை நிரப்பிய தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரவேண்டும். புதுத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் உள்ளே இரும்பைக் கொஞ்சம் துருப்பிடிக்க வைத்துவிட்டுத் தீர்ந்துவிடும். அதோடு துருவும் அடங்கிவிடும். நீங்கள் வாராவாரம் ஏற்றும்போது ஆக்சிஜனையும் சுண்ணாம்பையும் வாராவாரம் உள்ளே அனுப்புகிறீர்கள். துரு நிற்கவே நிற்காது.

பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1 முதல் 1.5 பார் (பிரஷரை அளக்கும் அலகு) வரை நிற்க வேண்டும். சூடானால் கொஞ்சம் ஏறும், 2 பக்கம் போகலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை நிரப்பினால் பரவாயில்லை. வாரம் ஒருமுறை என்றால் அந்தத் தண்ணீர் எங்கோ வெளியே போகிறது. முதலில் ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் டிஷ்யூ தாளைச் சுற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். கசிவு இருந்தால் காலையில் தாள் சொல்லிவிடும். சூடான குழாயில் சொட்டுகிற தண்ணீர் கீழே விழுவதற்கு முன்பே காய்ந்துவிடும், அதனால் தரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அப்புறம் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயைப் பாருங்கள். அது, பிரஷர் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வின் வாய். அங்கே ஈரமிருந்தால் அடுத்த கேள்விக்கான பதிலையும் படியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஹீட்டிங் போட்டால் முள் 3 வரை எகிறுகிறது, அணைத்து ஆறியதும் 0.3க்கு விழுகிறது. எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: போர்டை மாற்றுவதற்கு முன் அவரை ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு விரிவுத் தொட்டி இருக்கிறது. அதன் நடுவில் ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. 10 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கினால் 2 லிட்டருக்கு மேல் விரியும். அந்த 2 லிட்டர் ஒதுங்க இடம் கொடுப்பது அந்தக் காற்றுதான். காற்று இறங்கிவிட்டால் ஒதுங்க வழி இல்லை. முள் 3 பாரைத் தொடும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே கொட்டும். ஆறியதும் அவ்வளவும் குறையாகத் தெரியும். உங்கள் கதை இதேதான்.

தொட்டியின் முதுகில் சைக்கிள் டயரில் இருப்பதைப் போலவே ஒரு காற்று வால்வு இருக்கும். அதன் நடுவில் உள்ள ஊசியை ஒரு நொடி அமுக்க வேண்டும். காற்று வந்தால் தொட்டி நல்லது. சுற்றில் இருக்கும் பிரஷரை முழுக்க வடித்துவிட்டு, பம்பால் கையேட்டில் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 0.75 முதல் 1 பார், காற்றடித்தால் போதும். தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, தொட்டியை மாற்ற வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் காற்று முழுக்க இறங்கிவிட்டது, அடித்துப் பார்த்து நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். நல்ல சர்வீஸில் இதைக் கேட்காமலே செய்வார்கள்.

கேள்வி: அண்ணா, பாய்லர் ஓடும் நாட்களில் எனக்கும் பிள்ளைகளுக்கும் தலைவலி, குமட்டல். வெளியே போனால் சரியாகிவிடுகிறது. வீட்டில் புகை வாடை எதுவும் இல்லை.

பதில்: தங்கச்சி, மற்ற எதையும் படிப்பதற்கு முன் பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வாருங்கள். டாக்டரிடம் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன் வந்து பார்க்கும்வரை பாய்லரைத் தொட வேண்டாம்.

வாடை இல்லை என்பதை நம்பாதீர்கள். கேஸ் கசிந்தால் நாறுவது அதில் வேண்டுமென்றே கலக்கும் மருந்தால். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வருகிறது, வெளியே போனால் தெளிகிறது என்பதே பெரிய அடையாளம். பழைய ரக பாய்லரில் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலோ, மூடியைச் சுற்றிக் கரி படிந்தாலோ அதுவும் எச்சரிக்கைதான்.

அறையிலிருந்து காற்றை எடுக்கும் பழைய பாய்லர் என்றால் இன்னொன்றும் உண்டு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் பலமாக இழுத்தால், புகைபோக்கி வழியாகப் போகவேண்டிய புகை திரும்ப அறைக்குள்ளேயே வரும். டெக்னீஷியன் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். சத்தம் போடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை பாய்லர் இருக்கும் அறையில், பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். படுக்கையறையிலும் ஒன்று. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, மாற்ற வேண்டிய தேதி அதன் பின்பக்கத்தில் இருக்கும்.

கேள்வி: ரேடியேட்டர் மேலே கொதிக்கிறது, அடியில் ஐஸ். காற்றை எடுத்துவிட்டேன், மாற்றமில்லை.

பதில்: மேலே ஆறிப்போய்க் கீழே சூடாக இருந்தால் காற்று. உங்களுடையது நேர்மாறு, அடியில் சேறு. காற்றெடுக்க ரேடியேட்டரின் வால்வைத் திறந்தபோது வந்த தண்ணீரை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பார்த்தீர்களா? மை மாதிரி கறுப்பாக இருக்கும். ஒரு காந்தத்தைக் கோப்பைக்கு வெளியே ஒட்டிப் பிடியுங்கள். கறுப்பு அப்படியே அந்தப் பக்கம் போய் அப்பிக்கொள்ளும். அது மேக்னடைட், உங்கள் ரேடியேட்டரே கரைந்து வந்த இரும்பு. அந்தக் கறுப்புதான் பம்பையும், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் தகட்டையும் அடைக்கிறது.

சுற்றைக் கழுவிவிட்டு, துரு தடுப்பு மருந்து ஊற்றி, பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் காந்த ஃபில்டர் மாட்டச் சொல்லுங்கள். வருடா வருடம் சர்வீஸ் அன்று அந்த ஃபில்டரை உங்கள் கண்முன்னால் திறந்து கழுவ வேண்டும். இன்னொன்று, மாதம் ஒருமுறை ரேடியேட்டரில் காற்று சேர்கிறது என்றால் அது பல நேரம் காற்றே அல்ல, துருப்பிடிக்கும்போது வரும் ஹைட்ரஜன். தீப்பெட்டியோடு பக்கத்தில் போகவேண்டாம்.

கேள்வி: பாய்லருக்குள் டீ கெட்டில் கொதிக்கிற மாதிரி இரைச்சல். சும்மா விடலாமா?

பதில்: விடக்கூடாது. நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்போ சேறோ படிந்து, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஆவியாகி வெடிக்கிற சத்தம் அது. அதிகமாகச் சூடாகும் இடத்தில்தான் பின்னாளில் விரிசல் விடும். எக்ஸ்சேஞ்சர் போனால் செலவைக் கணக்குப் பார்த்துப் பலர் பாய்லரையே மாற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: அடிக்கடி நின்றுவிடுகிறது. ரீசெட் பட்டனை அமுக்கினால் ஓடுகிறது. ஒரு நாளில் 6 தடவை அமுக்குகிறேன்.

பதில்: ஒன்று, இரண்டு தடவைக்கு மேல் அமுக்காதீர்கள். பாய்லர் ஏதோ காரணத்துக்காகத்தான் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. திரையில் வரும் எண்ணைக் குறித்துவைத்து டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது. பற்றவைத்த சில நொடிகளில் அணைகிறது என்றால் பெரும்பாலும் சுடரை உணரும் எலக்ட்ரோடில் படிவு. கடும் குளிரில், தண்ணீர் கொப்பளிக்கும் சத்தத்தோடு நின்றால், புகையிலிருந்து வடியும் நீரை வெளியேற்றும் கண்டன்சேட் குழாய் உறைந்திருக்கும். வெளியே ஓடும் அந்த பிளாஸ்டிக் குழாயின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். இளகியதும் ஒருமுறை ரீசெட் செய்தால் போதும். பிறகு அந்தக் குழாய்க்கு உறை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எதையெல்லாம் நானே செய்யலாம்?

பதில்: மூடியைத் திறக்காமல் செய்ய முடிந்தது எல்லாம் உங்களுடையது. மாதம் ஒருமுறை முள்ளைப் பார்ப்பது, வெளியே புகைபோக்கி வாயில் பறவைக்கூடோ செடியோ அடைக்காமல் வைப்பது, ரேடியேட்டரில் காற்றெடுப்பது. ஹீட்டிங் தேவைப்படாத மாதங்களிலும் மாதம் ஒருமுறை 10 நிமிடம் ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் பம்பு இறுகிவிடும். பாய்லரைச் சுற்றி அலமாரி அடித்துத் துணிமணி திணிக்காதீர்கள். மூடிக்குப் பின்னால் இருப்பது கேஸும் நெருப்பும். அதற்கு உரிமம் உள்ளவர்தான் வேண்டும்.

கேள்வி: கண்டன்சிங் பாய்லர் வாங்கினால் கேஸ் மிச்சம் என்றார்கள். மிச்சமே ஆகவில்லை.

பதில்: 80 டிகிரியில் வைத்திருப்பீர்கள். கண்டன்சிங் பாய்லரில், புகையில் இருக்கும் நீராவி தண்ணீராக மாறும்போதுதான் புகையோடு போகவிருந்த சூடு திரும்பக் கிடைக்கும். அதற்கு ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஹீட்டிங் அளவை 60க்கு இறக்கிப் பாருங்கள். அறை சூடாகக் கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். சுடுதண்ணீரைச் சேமிக்கும் தொட்டி தனியாக இருந்தால் அந்தத் தொட்டியை மட்டும் 60க்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

கேள்வி: என்னிடம் இருப்பது கரண்ட் கீசர்தான். அதற்கும் சர்வீஸ் வேண்டுமா?

பதில்: பொறுமையாக இருந்ததற்கு நன்றி. வேண்டும். உள்ளே மெக்னீசியத்தில் ஒரு தண்டு தொங்குகிறது. தொட்டியின் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாக அந்தத் தண்டு கரைந்துகொண்டே வரும். கரைந்து தீர்ந்த அன்றிலிருந்து தொட்டி அரிக்கத் தொடங்கும். கரண்டையும் தண்ணீரையும் அடைத்து, தொட்டியை வடித்துவிட்டு, வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக இருக்கும்போது உருண்டு திரண்டு இருக்கும். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுவிலிருக்கும் கம்பி வெளியே தெரிந்தாலோ அன்றைக்கே புதுத் தண்டு போட்டுவிடுங்கள்.