ஸ்டீம் வரவில்லையா? அழிக்காதீர்கள், முதலில் கோளாறைத் தேடுங்கள்

கோடை விடுமுறை விட்டதும் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஸ்டீம் பற்றித்தான், கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி, இறக்கி, ஆட உதவும் வால்வ் கம்பெனியின் ஆப். காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க ஒரே புலம்பல், கனெக்ட் ஆகவில்லை. கோளாறு கம்ப்யூட்டரிலா, வீட்டு வைஃபையிலா, வெளியிலா என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணா, யூடியூப் நன்றாக ஓடுகிறது, ஸ்டீம் மட்டும் கனெக்‌ஷன் இல்லை என்கிறது. அழித்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா? (குடியாத்தம்)

வேண்டாம் தம்பி. ஸ்டீமை அன்இன்ஸ்டால் செய்தால் அதற்குள் இருக்கும் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். நீ இத்தனை நாள் டவுன்லோட் செய்த கேம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எண்பது ஜிபி கேமை இப்படித் தொலைத்துவிட்டு வந்து நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

முதலில் கிழமையைப் பார். அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை பகலில் ஸ்டீம் சர்வர்களுக்கு வழக்கமான பராமரிப்பு நடக்கும், நமக்கு அது புதன் அதிகாலை. அந்த நேரம் என்றால் ஒன்றும் செய்யாமல் கொஞ்சம் பொறு.

அது இல்லையென்றால் வீட்டு வைஃபையை விட்டுவிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்துப் பார். இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது, ஐந்து நிமிஷ வேலை. ஹாட்ஸ்பாட்டில் ஸ்டீம் வந்துவிட்டால் உன் கம்ப்யூட்டரில் குறையில்லை. ரவுட்டரை அணைத்து ஒரு நிமிஷம் விட்டுப் போடு, அப்புறம் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார், அதற்கும் சரியாகவில்லையென்றால் நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, வேறு நெட்டில் வருகிறது, உங்கள் நெட்டில்தான் வரவில்லை என்று சொல். இப்படிச் சோதித்துவிட்டுப் பேசினால் அவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லையென்றால் கோளாறு கம்ப்யூட்டரில். விபிஎன் (நெட்டை வேறு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) ஏதாவது ஓடினால் நிறுத்து, ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் ஸ்டீமை அனுமதிக்கிறதா பார், ஸ்டீம் செட்டிங்ஸ் திறந்தால் டவுன்லோட் பகுதியில் கேஷை (தற்காலிகமாகச் சேர்த்து வைத்த தகவலை) அழிக்க ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்து. எதற்கும் மசியவில்லையென்றால் ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, அதன் ஃபோல்டரில் ஸ்டீம்ஆப்ஸ், யூசர்டேட்டா, ஸ்டீம் எக்ஸி ஃபைல், இந்த மூன்றை விட்டுவிட்டு மற்றதை அழித்து மறுபடி திற. மிச்சத்தை அதுவே இறக்கிக்கொள்ளும், கேம் பத்திரமாக இருக்கும்.

சாயங்காலம் ஆனால் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் பயங்கர லேக், எல்லாம் தாமதமாக நகர்கிறது. ஸ்பீட் டெஸ்டில் நூறு எம்பிபிஎஸ் வருகிறது சார். (சத்துவாச்சாரி)

வேகம் வேறு, தாமதம் வேறு. யூடியூப் அடுத்த சில வினாடி வீடியோவை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதால் நெட் நடுவில் திணறினாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் முன்கூட்டி வாங்க எதுவுமில்லை, எதிராளி இப்போது எங்கே நிற்கிறான் என்பது இப்போதே வந்து சேர வேண்டும்.

கமாண்ட் ப்ராம்ப்டில் உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், ping -t 192.168.1.1 என்று பிங் (தகவல் போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டு இரண்டு நிமிஷம் ஓட விடுங்கள். பக்கத்து அறையில் இருக்கும் பெட்டிக்குப் போய்வர ஒன்றிரண்டு மில்லிசெகண்ட்தான் ஆக வேண்டும். அங்கேயே ஐம்பது, நூறு என்று எகிறினால் வைஃபைதான் குற்றவாளி. சாயங்காலம் தெருவில் எல்லார் வீட்டிலும் வைஃபை ஓடுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், எல்லாரும் அதில்தான் நெருக்குகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். என்னைக் கேட்டால் ஒரு லேன் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள், கேமுக்கு அதற்கு ஈடு எதுவுமில்லை.

ரவுட்டர் வரை சரியாக இருந்தும் கேமில் பிங், அதாவது போய்வரும் நேரம், எண்பது மில்லிசெகண்ட் காட்டினால், ஆட்டம் எந்த ஊர் சர்வரில் நடக்கிறது என்று பாருங்கள். வால்வ் கம்பெனியின் சர்வர் சென்னையிலேயே இருக்கிறது. வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப ஒன்றரை மில்லிசெகண்ட் கூட ஆகாது. அதனால் எண்பது என்றால் ஒன்று வெளிநாட்டு சர்வரில் கோத்துவிடுகிறது, இல்லையென்றால் நெட் கம்பெனி சுற்றி அனுப்புகிறது. கேம் செட்டிங்ஸில் ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச பிங்கைக் குறைத்து வைத்தால் முதல் பிரச்சினை தீரும்.

நூறு எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன், ஸ்டீமில் 12 தான் காட்டுகிறது என்று மகன் சண்டை போடுகிறான். ஏமாற்றுகிறார்களா? (ராணிப்பேட்டை)

இல்லைம்மா, சரியாகத்தான் வருகிறது. கம்பெனி சொல்வது மெகாபிட், ஸ்டீம் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

டவுன்லோட் நன்றாகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. (வாணியம்பாடி)

ஸ்டீமின் டவுன்லோட் பக்கத்தில் நெட் வேகத்தோடு டிஸ்க் வேகத்தைக் காட்டும் கோட்டையும் பாருங்கள். நெட் பூஜ்யமாகும்போது டிஸ்க் மும்முரமாக இருந்தால் இது நெட் கோளாறே இல்லை. ஸ்டீம் சுருக்கி அனுப்பியதை விரித்து எழுத உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்குகிறது. எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டால் தீரும்.

விடுதி வைஃபையில் ஸ்டீம் லாகின் ஆகிறது, கேம் சர்வர் மட்டும் கிடைப்பதில்லை. (காட்பாடி)

போர்ட் என்பது நெட்டில் தகவல் போகும் எண்ணிட்ட வாசல். லாகினும் ஸ்டோரும் 443 போர்ட்டில் போகும், அதை யாரும் அடைக்க மாட்டார்கள். ஆட்டம் யுடிபி (தகவலை வேகமாக அனுப்பும் ஒரு முறை) 27000 முதல் 27100 வரை உள்ள போர்ட்டுகளில் போகிறது, விடுதிகளில் அடைப்பது அதைத்தான். திருட்டு வழி தேடி மாட்டிக்கொள்ளாதே, சிஸ்டம் அட்மினிடம் நேராகக் கேள். மறுத்தால், நெட் இருக்கும்போதே கேமை அப்டேட் செய்து ஒருமுறை திறந்து வைத்துவிட்டு, தனியாக ஆடும் கேம்களை ஆஃப்லைன் மோடில் ஆடலாம்.

விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். போன வருஷம் வரை வந்தது. (ஆம்பூர்)

2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. இத்தனை நாள் ஓடியதே பெரிது. நெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, விண்டோஸை மாற்றுங்கள்.

கரன்ட் போய் வந்தால் ஸ்டீமும் வருவதில்லை, பிரவுசரும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகிறது. (ஆரணி)

கம்ப்யூட்டரில் தேதியைப் பாருங்கள், பல வருஷம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்து இணைப்பை மறுத்துவிடும். மதர்போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை மாற்றுங்கள். பழையதைக் கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.