என்னை வேலனாக அழைக்காதீர்கள்

கேள்வி: என் அண்ணன் பெருமாள்மலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நல்ல இசை ரசிகர். காலையில் கடை திறந்ததும் கோடை பண்பலையைப் போட்டால் இரவு கடை மூடும்வரை ஓடும். இளையராஜா பாட்டு வந்துவிட்டால் சில்லறை எண்ணுகிற கை நின்றுவிடும். அதே மனிதர் ராத்திரியானால் கால்பந்து வெறியன். இங்கிலாந்தின் லிவர்பூல் அணியின் ஆட்டம் என்றால் தூக்கம் கிடையாது. ஜெயித்தால் "நாம ஜெயிச்சுட்டோம்" என்று வீட்டையே எழுப்புகிறார். தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. இருபது வருடமாக இதே கதை. கண்ணால் பார்த்திராத ஊரின் அணிமேல் இவ்வளவு வெறி எதற்கு? இவரைத் திருத்த ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, பெருமாள்மலை, கொடைக்கானல்

பதில்: பாட்டுக்கு 'ரசிகர்', பந்துக்கு 'வெறியன்'. ஒரே கடிதத்தில், ஒரே மனிதருக்கு, நாலு வரி இடைவெளியில் இரண்டு பெயர். முன்னதில் 'ர்' போட்டு மரியாதை கொடுத்தீர்கள். பின்னதில் சொந்த அண்ணனுக்கு அந்த 'ர்' கூட மிஞ்சவில்லை. கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும்.

வெறி நம் மலைக்குச் சொந்தமான சொல். சங்கப் பாட்டில் வெறியாட்டு பெரும்பாலும் குறிஞ்சி நிலத்தில்தான் வரும். மகள் மெலிந்துபோகிறாள், வளை கழல்கிறது. தாய் பயந்துபோய் முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் களம் அமைத்து, கண்ணி சூட்டி, செந்தினையைத் தூவி, வீடே எதிரொலிக்கப் பாடி நடுச்சாமத்தில் ஆடுகிறான். பாட்டும் ஆட்டமும் சேர்ந்ததுதான் வெறி. இதைப் பாடிய ஒரு பெண் புலவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டாயிரம் வருடமாக அந்தச் சொல்லைப் பட்டம்போலச் சுமந்து நிற்கிறார் அந்த அம்மாள். பழைய தமிழில் வெறி என்றால் மணம் என்றும் ஒரு பொருள் உண்டு.

அந்தப் பாட்டின் முடிவையும் சொல்ல வேண்டும். மகளுக்கு வந்தது நோயே அல்ல. மலைநாட்டுக்காரன் ஒருவன்மேல் கொண்ட அன்பு அது. அவளுக்கும் தோழிக்கும் அது தெரியும், தாய்க்கு மட்டும் தெரியாது. நீங்கள் எழுதியிருப்பது அந்தத் தாயின் கடிதம், சகோதரி. அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என்னை வேலனாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வர மாட்டேன்.

இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது உங்கள் அண்ணனின் அணியைச் சேர்ந்த கதைதான். 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி. கம்பி வேலி போட்ட நிற்கும் பகுதிக்குள் அளவுக்கு மேல் கூட்டத்தை விட்டதில் நெரிசல். ஆட்டம் பார்க்கப் போனவர்களில் 97 பேர் செத்துப்போனார்கள். கடைசி ஆள், அன்று பட்ட காயத்தோடே வாழ்ந்து 2021இல் இறந்தார். நடந்த மறுநாளிலிருந்தே காவல்துறைத் தரப்பில் பேச்சு கிளம்பியது: குடித்துவிட்டு வந்த கூட்டம், அவர்களே முண்டியடித்து அவர்களே செத்தார்கள் என்று. ஒரு நாளிதழ் அதை 'உண்மை' என்றே தலைப்பிட்டு முதல் பக்கத்தில் போட்டது. நம் மொழியில் சொன்னால், செத்தவர்கள் தலையில் 'குடிவெறியர்' என்று எழுதி ஒட்டினார்கள். அதைக் கிழித்துப் போட அந்தக் குடும்பங்களுக்கு 27 வருடம் ஆனது. 2016 ஏப்ரலில்தான் மரண விசாரணையின் ஜூரிகள், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். லிவர்பூல் ஊர்க்காரர்கள் பெரும்பாலோர் இன்றுவரை அந்த நாளிதழைக் கையால் தொடுவதில்லை. பத்திரிகை நடத்துகிறவன் நான். ஒரு சொல்லை அச்சில் ஏற்றும்போதெல்லாம் இது என் நினைவில் வரும். உங்கள் கேள்வியைப் படித்தபோதும் வந்தது.

சரி, உங்கள் அண்ணனிடம் வருவோம். இருபது வருடம் என்கிறீர்கள். கணக்குப் போட்டால் 2005 பக்கம் வருகிறது. அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மே 25 முடிந்து 26 பிறந்த நடுராத்திரி. இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம், லிவர்பூலும் ஏசி மிலானும். நம் நேரத்துக்குப் பன்னிரண்டேகால் மணிக்குத் தொடக்கம். இங்கே சீசன் உச்சத்தில் இருந்தது. மூஞ்சிக்கல் பக்கம் ஒரு லாட்ஜின் வரவேற்பறையில் இருந்த டிவியைச் சுற்றி டாக்ஸி டிரைவர்கள், ரூம் பாய்கள், அச்சகத்திலிருந்து திரும்பும் வழியில் ஒதுங்கிய நான் என்று பதினைந்து பேர் இருந்தோம். முதல் நிமிடத்திலேயே மிலான் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்கு முன்னால் இன்னும் இரண்டு. மூன்றுக்குப் பூஜ்யம். காலையில் சவாரி இருக்கிறது என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். மங்கி குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரே ஒரு டிரைவர் மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மடியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் அதைத் திருகிப் பாட்டுத் தேடுவார், ஆட்டம் வந்ததும் அணைத்துவிடுவார். "கிளம்பலையா?" என்றேன். "யாராவது ஒருத்தர் கூட இருக்கணும்ல சார்" என்றார்.

நான் கிளம்பிவிட்டேன்.

மைதானத்திலும் அப்படி இருக்க ஆள் இருந்தது. மூன்று கோல் வாங்கிய அணிக்காக, இடைவேளையில், ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று பாடினார்கள். இரண்டாம் பாதியில் ஆறே நிமிடத்தில் ஜெரார்டு, ஸ்மிட்ஸர், அலோன்சோ என்று மூன்று கோல். பெனால்டியில் 3–2 என்று லிவர்பூல் கோப்பையை எடுத்தது. காலையில் டாக்ஸி ஸ்டாண்டில் அந்த டிரைவர் எனக்கு அந்த ஆறு நிமிடத்தை வண்டியின் பானெட்டில் பனித்துளியைத் துடைத்து, விரலால் வரைந்து காட்டினார். கண் சிவந்திருந்தது. நான் எத்தனையோ கச்சேரி கேட்டவன். ஒரு ராகம் இறங்கி வருவதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன ஆளை நான் கண்டதில்லை.

மைதானத்தில் அந்தக் கூட்டம் பாடிய பாட்டின் கதை இசை ரசிகரான உங்கள் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க இசை நாடகம் ஒன்றுக்காக 1945இல் எழுதியது. 1963இல் லிவர்பூல் இளைஞர் குழு ஒன்று அதைப் பாடி, இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. மைதானத்தில் ஒலிபெருக்கியில் போட்டார்கள், கூட்டம் கூடவே பாடியது. பட்டியலை விட்டு அந்தப் பாட்டு இறங்கிய பிறகும் கூட்டம் அதை விடவில்லை. புயலில் நடந்தாலும் தலை நிமிர்ந்து நட, நீ தனியாக நடக்க மாட்டாய் என்பதுதான் அதன் சாரம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. காலில் கொப்புளத்தோடு, காவடிச்சிந்தின் தாளத்துக்கு அடி எடுத்துவைத்து, முன்பின் தெரியாதவர்களின் குரலோடு குரல் சேர்த்து மலையடிவாரம்வரை வருகிறார்கள். "நாம வந்துட்டோம்" என்றுதான் அவர்களும் சொல்வார்கள். 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. உங்கள் அண்ணன் "நாம ஜெயிச்சுட்டோம்" என்று வீட்டை எழுப்பும்போது, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

அடுத்தது 'கண்ணால் பார்த்திராத ஊர்'. இதைப் படித்ததும், சமவெளியில் பத்திரிகை நடத்தும் என் பழைய நண்பர்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரோ என்று தோன்றியது. அவருக்கும் எனக்கும் பல வருடச் சண்டை இது. அந்நிய மோகம் என்பார். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது அதே நண்பர் தலையங்கம் எழுதிக் கொண்டாடினார். நானும் கொண்டாடினேன். நம் மலையடிவாரத்து இசை அவர்கள் ஊரில் போய் உட்காரலாம் என்றால், அவர்கள் ஊர் ஆட்டம் பெருமாள்மலையில் ஒருவர் நெஞ்சில் வந்து உட்காரவும் கூடும். அந்த மார்ச் போய் ஏப்ரல் 27 வந்தபோது லிவர்பூல் லீக் பட்டத்தை வென்றது. ஐம்பதே நாளில் இரண்டும். அந்தச் சமயத்தில் உங்கள் அண்ணனின் கடையில் சாமான் வாங்கியவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அந்நியம் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரத்தைப் பற்றிப் பேசுங்கள். யூகலிப்டஸைப் பற்றிப் பேசுங்கள். இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. சோலையும் புல்வெளியும் மாறி மாறிக் கிடந்த மலை இது. மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்ல விடுவது அந்தப் புல்தான். அதை வெற்றிடம் என்று நினைத்து மரம் நட்டார்கள். வாட்டில் தானாகவே விதை பரப்பிக் கிடைத்த புல்வெளியையெல்லாம் தின்கிறது. புல்வெளி போனால் குறிஞ்சியும் போச்சு. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூக்கிற செடிக்கு நிற்க இடமில்லை. மலையில் தட்டையான இடம் கொஞ்சம்தான். பூம்பாறையில் பூண்டு எடுத்த பிறகு காலியாகும் படிப்படியான வயல் மேடையில்தான் பையன்கள் பந்து ஆடுகிறார்கள். பந்து தவறினால் இரண்டு மேடை கீழே உருண்டு ஓடும், போய் எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் பந்தைக் காலைவிட்டு விலகவிடாமல் வைத்திருக்கப் பத்து வயதிலேயே பழகிவிடுகிறார்கள். சீசன் வந்தால் ஊருக்குள் மிச்சமிருக்கும் மைதானமும் வண்டி நிறுத்துமிடம் ஆகிவிடுகிறது. திருத்த வேண்டியது இதைத்தான்.

குறிஞ்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லிவர்பூல் 1990இல் லீக் பட்டம் வென்றது. அடுத்த பட்டம் 2020இல். இடையில் நம் மலையில் 1994, 2006, 2018 என்று குறிஞ்சி மூன்று முறை பூத்து உதிர்ந்துவிட்டது. அந்த முப்பது வருடத்தில் பாதியை உங்கள் அண்ணனும் காத்திருந்திருக்கிறார். கடைசியில் பட்டம் வந்தது ஊரடங்கில். ஆன்ஃபீல்டு மைதானத்தில் பாட ஒரு ரசிகர் இல்லை, நம் மலைக்கு ஏறி வர ஒரு வண்டி இல்லை. அன்றைக்கும் அவர் "நாம ஜெயிச்சுட்டோம்" என்று வீட்டை எழுப்பினாரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுப்பியிருப்பார்.

இனி உங்கள் கேள்வி. திருத்துவதற்கு வழி சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். தோற்றால் இரண்டு நாள் பேச்சில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் கடையில் ரேடியோ ஓடுகிறதா? ஓடினால் எந்தப் பாட்டுக்கு அவர் கை நிற்கிறது? பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.