மீட்டரில் 12 வோல்ட், ஸ்பீக்கரில் இரைச்சல்: வீடியோ பார்த்து பவர் சப்ளை கற்பவருக்கு

கேள்வி: நான் பி.காம். படித்தவன். எலக்ட்ரானிக்ஸ் மீதுள்ள ஆர்வத்தால் ஓராண்டாக யூடியூபில் பாடங்கள் பார்த்துவருகிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. ஒரு வீடியோவில் காட்டியபடி 0–12 டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டையோடு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 7812 ஐசி ஆகியவற்றை வைத்து ஒரு பவர் சப்ளை செய்தேன். மீட்டரில் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. ஆனால் சிறிய ஆம்ப்ளிஃபயரை இணைத்துச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் இரைகிறது. அடுத்து எந்தப் பாடத்தைப் பார்க்கலாம்? எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறையில் இயங்கும் பவர் சப்ளை) பழுதுபார்க்கவும் கற்க ஆசை.
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அடுத்த பாடத்தைத் தேடுவதைச் சில நாட்கள் தள்ளிவையுங்கள். இரைகிற அந்த சர்க்யூட்டிலேயே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. பவர் சப்ளை என்பது லோடு (அதிலிருந்து கரண்ட் எடுக்கும் கருவி) ஏற்றி, கணக்குப் போட்டு, அளந்து பார்த்தால்தான் கைவரும். லோடு இல்லாதபோது எந்த சப்ளையும் நல்ல சப்ளைதான்.

கணக்கைப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட் என்று எழுதியிருப்பது ஏசியின் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஏறி இறங்கும் வோல்டேஜின் ஒருவகைச் சராசரி. அதன் உச்சம் 1.414 மடங்கு, சுமார் 17 வோல்ட். நான்கு டையோடுகள் சேர்ந்த பிரிட்ஜில் கரண்ட் எப்போதும் இரண்டு டையோடுகளைக் கடந்துதான் போகும், அங்கே 1.4 வோல்ட் குறையும். ஆக, கெப்பாசிட்டருக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 15.5 வோல்ட். வெளியீட்டை 12 வோல்ட்டில் நிறுத்தும் ரெகுலேட்டர் ஐசியான 7812 ஒழுங்காக வேலை செய்ய, உள்ளே வருவது வெளியே போவதைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக, அதாவது 14 வோல்ட்டாக, இருந்தாக வேண்டும். இதுவரை எல்லாம் சரியாகவே தெரியும். பல வீடியோக்கள் இந்த இடத்தில் மீட்டரைக் காட்டிவிட்டு முடிந்துபோகின்றன.

இனி ஆம்ப்ளிஃபயரை மாட்டுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிரிட்ஜுக்குப் பிறகு கெப்பாசிட்டர் நொடிக்கு 100 முறை நிரம்புகிறது. ஒருமுறை நிரம்பியதற்கும் அடுத்த முறை நிரம்புவதற்கும் இடையே 10 மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவான நேரம். அந்த நேரம் முழுவதும் லோடுக்கு வேண்டிய கரண்டைக் கெப்பாசிட்டரே தர வேண்டும். தரத் தர அதன் வோல்டேஜ் சரியும்; இந்த ஏற்ற இறக்கத்துக்கு ரிப்பிள் என்று பெயர். எவ்வளவு சரியும்? கரண்டை 100ஆல் வகுத்து, வந்ததைக் கெப்பாசிட்டரின் ஃபாரட் மதிப்பால் வகுத்தால் தோராயமான விடை கிடைத்துவிடும். அரை ஆம்பியரும் 1000 மைக்ரோஃபாரடும் என்றால் 5 வோல்ட். 15.5இல் 5 போனால் 10.5. குறைந்தது 14 கேட்கும் ஐசிக்கு 10.5 கொடுத்தால் அது எப்படி 12ஐத் தாங்கிப்பிடிக்கும்? நொடிக்கு நூறு முறை வெளியீடு பள்ளத்தில் விழுந்து எழுகிறது. உங்கள் ஸ்பீக்கரில் கேட்பது பெரும்பாலும் அந்த 100 ஹெர்ட்ஸ்தான். மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. டிசி ரேஞ்சில் அது சராசரியைத்தான் காட்டும்.

மாலையில் வீட்டு மின்சாரம் 230இலிருந்து 200 வோல்ட்டுக்கு இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அப்போது 10.4தான் தரும்; கெப்பாசிட்டரில் 13.4. ரிப்பிளே இல்லாவிட்டாலும் 7812க்கு அது போதாது.

இதை நீங்களே கண்ணால் பாருங்கள். 27 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டாம், உங்கள் ஊர் டிவி உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கும். அதை வெளியீட்டில் இணைத்தால் சுமார் 0.44 ஆம்பியர் ஓடும். நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள். இப்போது கெப்பாசிட்டரின் இரு முனைகளில் டிசி வோல்டேஜை அளந்து எழுதுங்கள். பிறகு மீட்டரை ஏசி ரேஞ்சுக்கு மாற்றி அதே இடத்தில் அளங்கள். மலிவான சில மீட்டர்கள் டிசியையும் சேர்த்துப் பொய் எண் காட்டும். அதனால் ஒரு புரோபுடன் தொடராக 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டரைச் சேர்த்து அளப்பது நல்லது. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதுதான் ரிப்பிள். ரெசிஸ்டரைக் கழற்றினால் அந்த எண் ஏறத்தாழப் பூஜ்யமாகிவிடும்.

தீர்வு: 0–15 டிரான்ஸ்ஃபார்மர், 2200 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் கெப்பாசிட்டர். டையோடுகள் போக உச்சம் 19.8, அரை ஆம்பியரில் ரிப்பிள் 2.3 வோல்ட். மின்சாரம் 200க்கு இறங்கினாலும் கெப்பாசிட்டர் வோல்டேஜின் அடிமட்டம் 14.8இல் நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. ஐசியின் மீது சராசரியாக 6.7 வோல்ட் தங்கும். அரை ஆம்பியரில் அது 3.3 வாட் வெப்பம். ஹீட்சிங்க் இல்லாமல் 7812 இதைத் தாங்காது, சூடேறித் தானே அணைந்துகொள்ளும். இந்த மாற்றத்துக்குப் பிறகும் இரைச்சல் நீடித்தால் ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டு வயரிங்கைப் பாருங்கள்.

வீடியோவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் மீட்டரை வைக்கப் போகும் நொடியில் நிறுத்துங்கள். என்ன எண் வரும் என்று தாளில் எழுதுங்கள். பிறகு ஓடவிடுங்கள். உங்கள் எண் தவறினால், காரணம் பிடிபடும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம். பாகங்கள் கையில் இல்லாத நாட்களில் சர்க்யூட்டைத் திரையில் இயக்கிக் காட்டும் ஃபால்ஸ்டாட் சிமுலேட்டரை பிரவுசரில் இலவசமாகவே ஓட்டலாம். கெப்பாசிட்டர் மதிப்பை மாற்ற மாற்ற ரிப்பிள் உயர்வதும் தாழ்வதும் திரையில் தெரியும். முறையான பாடத்தொடர் வேண்டுமென்றால் இணைய வகுப்புகளுக்கான என்பிடெல் தளத்தில் மும்பை ஐஐடி பேராசிரியர் மகேஷ் பாட்டீலின் அடிப்படை எலக்ட்ரானிக்ஸ் வகுப்புகள் இருக்கின்றன. டையோடு, ரெக்டிஃபயர் பகுதிகளில் தொடங்குங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் பள்ளிக் கணக்கே போதும்.

எந்த வீடியோவை நம்பலாம் என்பதற்கு என் அளவுகோல் எளிது: லோடு ஏற்றிக் காட்டுகிறாரா, டேட்டாஷீட்டை (பாகத்தின் தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) திறக்கிறாரா? இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் ஓர் ஆபத்து இருக்கிறது, இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அது போகட்டும், ஒயர் நிறம்தான் ஆளைக் கொல்லும். அங்கே கறுப்பு ஒயர் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம் வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், சிவப்பு ஃபேஸ். நிறத்தை நம்பாமல் டெஸ்டரையும் மீட்டரையும் வைத்து உறுதிசெய்யுங்கள்.

நம்மூர் வீடியோக்களிலும் ஒன்று என்னைக் கவலைப்படுத்துகிறது. ‘டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பவர் சப்ளை’ என்று 105ஜே, 400 வோல்ட் என அச்சிட்ட கெப்பாசிட்டரை 230 வோல்ட்டில் நேராக மாட்டிக் காட்டுகிறார்கள். 1 மைக்ரோஃபாரட் அங்கே தரக்கூடியது சுமார் 72 மில்லிஆம்பியர். சில எல்இடிகளை எரியவிட அது போதும். ஆனால் வெளியீடு மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படவே இல்லை. மீட்டர் 12 வோல்ட் என்று காட்டும் அந்த ஒயரைத் தொடுவது ஃபேஸையே தொடுவதாக முடியலாம். கற்பவர் மேசையில் இந்த சர்க்யூட்டுக்கு இடமே கிடையாது.

எஸ்எம்பிஎஸ் ஆசை நல்லதுதான், படிப்படியாகப் போங்கள். முதலில் உங்கள் புதிய சப்ளையை எல்எம்2596 என்ற ஸ்விட்சிங் மாட்யூலுக்குக் கொடுத்து 12ஐ 5 ஆக்குங்கள். உள்ளே போகும் வாட், வெளியே வரும் வாட் இரண்டையும் அளந்து, அதே வேலையை 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805 செய்தால் வீணாகும் வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்விட்சிங் ஏன் வந்தது என்பது அந்த எண்களிலேயே விளங்கும். கோட்பாட்டுக்கு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் ராமநாராயணன், உமானந்த் நடத்திய ஸ்விட்ச்டு மோடு பவர் கன்வெர்ஷன் வகுப்புகள் என்பிடெலில் உள்ளன. கணக்கு கனமானது; அவசரம் வேண்டாம்.

அடுத்து, பிளக் போடாத பழைய போர்டு ஒன்றை எடுத்து ஃபியூஸ், பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர், மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்), பிசி817 ஆப்டோகப்ளர் (இரு பக்கத்தையும் ஒளியால் மட்டும் இணைப்பது), டிஎல்431 (வெளியீட்டு வோல்டேஜைக் கண்காணிக்கும் ஐசி) என ஒவ்வொன்றையும் அடையாளம் காணுங்கள். அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் ஓடும்போது 325 வோல்ட் நிற்கிறது. பிளக்கை எடுத்த பிறகும் இருக்கலாம். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், நன்கு இன்சுலேட் செய்த ஒயரில் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடிகள் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும் கட்டத்தை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு மின்னி மங்கினால் நல்லது, முழுப் பிரகாசத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். பல்பு ஷாக்கைத் தடுக்காது, அதனால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் கருவி) உள்ள லைனிலேயே வேலை செய்யுங்கள். ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் அதுவும் காப்பாற்றாது. அளக்கும்போது, மெயின்ஸ் பக்கத்து வோல்டேஜுக்குக் கறுப்பு புரோபைப் பெரிய கெப்பாசிட்டரின் மைனஸிலும், வெளியீட்டுப் பக்கத்துக்கு அந்தப் பக்கத்துக் கிரவுண்டிலும் வையுங்கள். ஒரு பக்கத்துக் கிரவுண்டை வைத்து மறுபக்கத்தை அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.