கையெழுத்துப் போடுவதற்கு முன் நீதிமொழிகள் 22-ஐ எடுத்துப் படியுங்கள், அக்கா

கேத்தியிலிருந்து நீங்கள் போனில் பேசியதற்கு எழுத்தில் பதில் அனுப்புகிறேன். வீட்டில் எல்லாரும் படிக்கட்டும். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட்டில் பாஸ், ஆனால் அரசு சீட்டுக்கு எட்டவில்லை. இதில் அழ ஒன்றுமில்லை. கோயம்புத்தூர் கொழுந்தனார் சொல்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., முப்பது லட்சம் லோன், வீடும் தோட்டமும் அடமானம், மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். சபையிலும் "விசுவாசத்தோடு காலடி வையுங்கள்" என்கிறார்களாம். நீங்கள் ஆறுதல் தேடித்தான் கூப்பிட்டீர்கள், தெரியும். ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பைபிள் வசனத்தைச் சொல்லித்தான் உங்களை நெருக்குகிறார்கள் என்பதால் நானும் வசனத்தையே எடுக்கிறேன். நீதிமொழிகள் 22:7, "கடன்வாங்கினவன் கடன்கொடுத்தவனுக்கு அடிமை." அதே அதிகாரத்தின் கடைசியில் பிணை நிற்கிறவனுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கட்ட வழியில்லாமல் போனால் நீ படுத்திருக்கும் படுக்கையைக்கூட எடுத்துக்கொண்டு போவார்களே என்று கேட்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி பொதுவாகச் சொத்து கேட்கும். முப்பது லட்சமும் எடுத்து முடித்தபின், 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் வருஷத்துக்கு 3,30,000 ரூபாய். மாதம் 27,500. படிக்கும்வரை தவணை கேட்க மாட்டார்கள்தான். வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். திரும்பி வந்ததும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வு பாஸ் பண்ணினால்தான் இங்கே டாக்டர் தொழிலுக்குப் போக முடியும். மேட்டுப்பாளையம் மண்டியில் கேரட் விலை விழுந்தால் அறுவடைக் கூலிக்கே கஷ்டம் என்று சொன்னது நீங்கள்தான். அந்த மாதம் 27,500 எங்கிருந்து வரும்?

ஆகூரின் ஜெபத்தை உங்கள் கொழுந்தனாருக்குப் படித்துக் காட்டுங்கள், நீதிமொழிகள் 30-ல் இருக்கிறது. வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிறார். செல்வம் மிஞ்சினால் கர்த்தரை மறுதலித்துவிடுவேனோ, வறுமை வந்தால் திருடிவிடுவேனோ என்று இரண்டு பக்கமும் தன்னையே சந்தேகப்படுகிற மனுஷன் அவர். அந்தத் தாழ்மை, "எப்படியாவது சமாளித்துவிடலாம்" என்கிற பேச்சில் இல்லவே இல்லை.

சரி, இதைப் பிடித்துக்கொண்டு "போதும் என்ற மனசு வேண்டும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கும் நான் விடமாட்டேன். நீதிமொழிகள் 31-ல் வருகிற பெண் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள். தன் கைச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். போதுமென்ற மனம் முதலில் வரவேண்டியது நம்மைப் போன்ற பெரியவர்களுக்கு, "டாக்டரோட அம்மா" என்று பெயர் வாங்கும் ஆசையில்.

என்ஜினியரிங், நர்சிங், பி.காம். பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் உங்கள் மகளைப் பற்றி நீங்களே பேச்சுவாக்கில் சொன்னதற்கு வருகிறேன். உருளைக்கிழங்குச் செடியைப் பிடுங்கி, வேரில் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சளாக ஒட்டியிருந்ததை அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். எந்தப் பாத்தியில் எத்தனை செடியில் இருந்தது என்று நோட்டில் வேறு எழுதி வைத்திருக்கிறாள். அக்கா, அது தங்க நூற்புழு, உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் நுண்ணிய புழு. இந்தியாவில் அதை முதன்முதலில் கண்டுபிடித்ததே 1961-ல் நம் நீலகிரியில்தான். பெண் புழுவின் உடம்பே காய்ந்து கூடாகி, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டையோடு மண்ணில் பல வருஷம் கிடக்கும். உருளைக்கிழங்கு வேரின் கசிவு பட்டால் பொரிக்கும். இதனால்தான் இங்கிருந்து விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தடை. முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் இதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி மாதிரி ரகங்களுக்காக வருஷக்கணக்கில் வேலை நடந்திருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் இந்தப் பெண் அதே வேரைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறாள்!

அவளுக்கு நான் சொல்வது பி.எஸ்சி. (ஆனர்ஸ்) தோட்டக்கலை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், நான்கு வருஷம். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கை வைத்தே தரவரிசை. கோவை, பெரியகுளம் கல்லூரிகளில் இருக்கிறது, திருச்சியில் பெண்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. மண், விதை, பூச்சி, நோய், நூற்புழு, அறுவடைக்குப் பின் பதப்படுத்துவது எல்லாம் பாடத்தில் வரும். கடைசி வருஷம் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை பார்க்க வேண்டும். முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் தோட்டக்கலை அலுவலர், வங்கிகளில் வேளாண் அதிகாரி, விதைக் கம்பெனி, மேலே எம்.எஸ்சி. நான்கு வருஷம் நீளம் என்று தோன்றினால் இரண்டு வருஷத் தோட்டக்கலை டிப்ளமோவும் உண்டு. உதவித் தோட்டக்கலை அலுவலர் வேலைக்கு அந்தப் படிப்பைத்தான் கேட்கிறார்கள்.

ஆறாவதிலிருந்து அவள் அரசுப் பள்ளியில்தான் படித்தாள் என்றீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கமே கட்டும். 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றிதழைத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். சாதிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னால் மகளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், கொழுந்தனார் இல்லாத நேரத்தில். "டாக்டர்தான் ஆக வேண்டும்" என்று அவளே சொன்னால், இன்னொரு வருஷம் நீட் எழுதட்டும். அதற்கு நான் கூட நிற்கிறேன். வீட்டை அடமானம் வைப்பதற்கு மட்டும் என்னிடம் சம்மதம் கேட்காதீர்கள். உங்கள் கொழுந்தனாரிடம் இதையெல்லாம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவர் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன்.