ஃபோன் சரியில்லை என்பதற்காகத் தவணையை நிறுத்தலாமா?

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கல்லூரியில் சேர்ந்த மகளுக்காக எங்கள் ஊர்க் கடை ஒன்றில் 11,499 ரூபாய்க்கு 5ஜி ஃபோன் வாங்கினேன். முன்பணம் 2,499. மீதி 9,000 ரூபாயை மாதம் 1,500 வீதம் ஆறு தவணையாக, கடையிலேயே உட்கார்ந்திருந்த ஒரு நிதி நிறுவன ஆள் போட்டுக் கொடுத்தார். யூடியூபில் விமர்சனம் பார்த்து, 8 ஜிபி ரேம், 50 மெகாபிக்சல் என்பதையெல்லாம் நம்பித்தான் வாங்கினோம். ஃபோன் அடிக்கடி ஹேங் ஆகிறது, சூடாகிறது. ரேம் 4 ஜிபிதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஏர்டெல் சிம்மில் 5ஜி வரவே இல்லை. வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, "எல்லா சிம்முக்கும் வரும் சார்" என்று கடைக்காரர் பதில் போட்டிருந்தார். நேரில் போய்க் கேட்டால், "இந்தக் காசுக்கு ஐஃபோனா வரும்?" என்று நாலு பேர் முன்னால் கிண்டல் செய்கிறார். அந்தக் கோபத்தில் இரண்டு தவணையோடு நிறுத்திவிட்டேன். சம்பளம் விழுந்ததும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். இரண்டு மாதமாகிறது, வசூல் ஆட்கள் மகள் எண்ணுக்கே பேசுகிறார்கள். கடை, கம்பெனி, நிதி நிறுவனம், விமர்சனம் செய்தவர் எல்லோர் மீதும் 5 லட்சம் கேட்டு வழக்குப் போட வேண்டும். அடுத்த மாதம் என் பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து எனக்கும் ஒன்று வாங்கப்போகிறேன். இந்த முறை ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும்? மகளின் மேல்படிப்புக்குக் கல்விக்கடனும் எடுக்க வேண்டியிருக்கும்.

பதில்: நிறுத்திய இரண்டு தவணையையும் இன்றைக்கே கட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதத்தில் கடைக்காரரின் கிண்டல் இருக்கிறது, விமர்சனம் செய்தவர் மீது கோபம் இருக்கிறது, ஃபோன் சூடாவது இருக்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரே வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போன வாட்ஸ்அப் பதில்தான் உங்கள் வழக்கு. மீதி எதுவும் வழக்கு இல்லை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் 'குறைபாடு' என்பதற்கு 2(10) பிரிவு தரும் விளக்கத்தைப் பாருங்கள். பொருள் உடைந்திருந்தால் மட்டும் குறைபாடு என்று அது சொல்லவில்லை. விற்பவர் எந்த விதத்தில் உறுதி சொல்லியிருந்தாலும் அந்தத் தரம் பொருளில் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். ஏர்டெல் சிம்மில் 5ஜி வருமா என்று கேட்டீர்கள், வரும் என்று எழுத்தில் பதில் வந்தது, வாங்கினீர்கள், வரவில்லை. இதற்கு ஆய்வகம் தேவையில்லை, நிபுணர் தேவையில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், நாளை கடைக்காரர் டவர் மீது பழி போடுவார். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ எஸ்ஏ என்ற தனி முறையை எடுத்துக்கொண்டது. ஏர்டெல் 4ஜி கட்டமைப்பைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் என்எஸ்ஏ முறையில் இறங்கியது. விலை குறைந்த சில 5ஜி ஃபோன்களில் எஸ்ஏ மட்டும்தான் உண்டு. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான விவரப் பக்கத்தைத் திறந்து, 'நெட்வொர்க்' என்ற பகுதியில் எஸ்ஏ மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்தப் பக்கம் கம்பெனிக்குக் கேடயம், கடைக்கு எதிராக உங்களுக்குச் சான்று. அதனால் உங்கள் எதிர்த்தரப்பு கடைதான். கம்பெனியை இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நெட்வொர்க் நிலவரம் மாறக்கூடியது, நாளைக்கே உங்கள் ஊரில் வேறு முறையில் 5ஜி வரலாம். ஆகவே இன்றைய நிலையைத் தேதி தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். அதே இடத்தில், அதே சிம்மை வேறொரு ஃபோனில் போட்டு 5ஜி வருவதையும் சேர்த்து எடுங்கள்.

ரேம் விஷயத்தை விட்டுவிடுங்கள். பெட்டியில் 8 ஜிபி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியும், அடியில் பொடி எழுத்தில் '4 ஜிபி + 4 ஜிபி விர்ச்சுவல்' (ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது) என்றும் இருக்கும். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் எழுதியிருக்கிறார்களே என்ற வாதத்தை உடைக்க நீங்கள் செலவிடும் நேரத்துக்கு ஃபோனின் விலை போதாது. ஹேங், சூடு இரண்டும் அதே சட்டத்தின் 38(2)(c) பிரிவுப்படி ஆய்வகத்துக்குப் போகும், அந்தக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். விமர்சனம் செய்தவர் காசு வாங்கிக்கொண்டு பேசினாரா என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பார்க்க வேண்டிய வேலை. அவர்கள் அபராதம் போட்டாலும் அது உங்கள் பைக்கு வராது.

சரி, தவணைக்கு வருவோம். இந்த மாதிரி வழக்குகளில் ஃபோனால் கெட்டவர்களைவிடத் தவணையால் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இருப்பது இரண்டு ஒப்பந்தங்கள். ஃபோன் வாங்கியது கடையோடு. கடன் வாங்கியது நிதி நிறுவனத்தோடு. கடைக்குப் போக வேண்டிய பணத்தை நிதி நிறுவனம் கொடுத்துவிட்டது, அதோடு அதன் வேலை முடிந்தது. ஃபோன் கல்லாக இருந்தாலும் கடன் கடன்தான். இரண்டும் ஒரே மேசையில், ஒரே பேனாவால் கையெழுத்தானதால் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள். தவணையை நிறுத்தினால் கடைக்காரருக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை.

உங்களுக்கு என்ன நஷ்டம்? திரும்பிய ஒவ்வொரு தவணைக்கும் நிதி நிறுவனம் ஒரு கட்டணம் போடும், உங்கள் வங்கி தனியாக ஒன்று போடும். அது சின்ன விஷயம். எத்தனை நாள் தாமதம் என்பது சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் மாதவாரியாக ஏறும், 36 மாத வரலாறு அங்கே தெரியும். கல்விக்கடனுக்கு மகளோடு கூட்டு விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடப்போவது யார்? நீங்கள்தான். 3,000 ரூபாய் பாக்கி என்று வங்கி மேலாளர் பார்க்க மாட்டார், 60 நாள் தாமதம் என்றுதான் பார்ப்பார். கடையின் ஏமாற்றை அவரிடம் விளக்க அந்த விண்ணப்பத்தில் கட்டம் எதுவும் கிடையாது.

இதைவிடப் பெரியது, சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றுகிறேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அது. தவணைக்காக ஆட்டோ டெபிட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருப்பீர்கள். கணக்கில் பணமில்லாமல் அது திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு வருகிறது. காசோலை திரும்பினால் 138-ஆவது பிரிவு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மின்னணுப் பற்றுக்கு அதே வேலையைச் செய்யும் இந்தப் பிரிவு பலருக்குத் தெரியாது. நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டாவிட்டால் குற்றவியல் புகார் போடலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையில் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 3,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனம் அந்த அளவுக்குப் போகுமா என்றால் பெரும்பாலும் போகாது. ஆனால் புகார்தாரராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிற்க வேண்டியவர், இன்னொரு நீதிமன்றத்தில் எதிரியாக நிற்கும் வாய்ப்பைத் தாமாகவே ஏன் உண்டாக்க வேண்டும்? வேண்டுமென்றே கணக்கைக் காலி செய்ததை இப்படி எழுத்திலும் ஒப்புக்கொள்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கடைக்கோ நிதி நிறுவனத்துக்கோ இதே வாசகத்தில் எழுதாதீர்கள்.

வழக்கில் இடைக்கால உத்தரவு வாங்கித் தவணையை நிறுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. நிதி நிறுவனத்தின் சேவையில் குறை எதுவும் சொல்லாத புகாரில் அது கிடைக்கும் என்று நம்பிக் கட்டாமல் இருப்பது சூதாட்டம்.

வசூல் ஆட்கள் மகளுக்குப் பேசுவது தனிப் புகார். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது, குடும்பத்தாரை மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நிறுவனத்துக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். பாக்கியைக் கட்டினாலே அழைப்பு நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஆபத்து அந்த எக்ஸ்சேஞ்ச். கடைக்காரரின் பதில் இருப்பது உங்கள் பழைய ஃபோனில். அதைக் கொடுத்துவிட்டு, ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதே என்று வந்து நின்ற கட்சிக்காரர்கள் உண்டு. எதிர்த்தரப்பு "நாங்கள் அப்படி அனுப்பவே இல்லை" என்று ஒரு வரி எழுதினால், மூல உரையாடல் உள்ள கருவியைக் காட்டுவதுதான் உறுதியான பதில். வழக்கு முடியும் வரை, அல்லது சமரசம் எழுத்தில் வரும் வரை, அந்தப் பழைய ஃபோன் உங்கள் பீரோவில் இருக்கட்டும். எக்ஸ்சேஞ்சில் கிடைக்கும் ஆயிரம் இரண்டாயிரத்தை மறந்துவிடுங்கள். மகளின் ஃபோனையும் தெருமுனைக் கடையில் திறக்க விடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஜாப் ஷீட்டில் 'ஹேங்' என்று மட்டும் அவர்கள் எழுதுவார்கள். 'ஏர்டெல் 5ஜி கிடைக்கவில்லை' என்பதையும் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். 'குறை சரிசெய்யப்பட்டது, திருப்தி' என்று அச்சடித்த இடத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தோற்றவர்கள் நிறைய.

5 லட்சம் கேட்பது பற்றி: 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமில்லை என்பது பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்து, நஷ்டஈடாக நீங்கள் கேட்கும் தொகையை வைத்து இல்லை. 11,499 ரூபாய் ஃபோனுக்கு 5 லட்சம் மன உளைச்சல் என்று எழுதினால் உங்கள் நல்ல புள்ளியும் சேர்ந்து கேலிக்குள்ளாகும்.

என் வெளிப்படையான யோசனை: சமரசம் செய்துகொள்ளுங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு பக்க நோட்டீஸ், வாட்ஸ்அப் பதிலின் நகலோடு. கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் உள்ள மாடலை மாற்றிக் கொடு, நியாயமான வித்தியாசத்தை நான் தருகிறேன். வித்தியாசம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்றால் கொடுத்துவிடுங்கள். சட்டம் 3 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது, நடைமுறையில் அது நீளும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மில்லில் ஒரு நாள் சம்பளம் போகும். ஒத்துவரவில்லையென்றால் தாராளமாகப் புகார் போடுங்கள், வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டு இருக்கிறது.

சமரசத்திலும் ஒரு குழி உண்டு. கடைக்காரர் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையில் பணத்தைக் கொடுத்து, "லோனை நாங்க கேன்சல் பண்ணிடறோம்" என்பார். பண்ண மாட்டார், அல்லது மறந்துவிடுவார். கடன் கணக்கு உயிரோடு கிடக்கும், தவணைகள் தவறிக்கொண்டே போகும், சில வருடம் கழித்து வீட்டுக்கடனுக்குப் போகும்போதுதான் தெரியும். பணம் திரும்ப வந்தால் அதைக் கொண்டுபோய் மீதிக் கடனை நீங்களே அடைத்து, நிதி நிறுவனத்திடம் என்ஓசி (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்குங்கள். ஃபோனை மாற்றிக் கொடுத்தால், புதிய ஐஎம்இஐ எண்ணோடு (ஒவ்வொரு ஃபோனுக்கும் உள்ள தனி அடையாள எண்) புது பில் கேளுங்கள். கடன் ஆவணத்தில் பழைய எண்தான் இருக்கும், அதையும் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

இனி உங்களுக்கு வாங்கப்போகும் ஃபோன். எது நல்ல மாடல் என்று என்னைக் கேட்காதீர்கள். எது முக்கியமோ அதை வாட்ஸ்அப்பில் கேள்வியாக அனுப்பி, பதில் வந்த பிறகு வாங்குங்கள். போன முறை தெரியாமல் செய்த இந்த ஒரு காரியம்தான் உங்களைக் காப்பாற்றுகிறது, இந்த முறை தெரிந்தே செய்யுங்கள். என் சிம்முக்கு 5ஜி வருமா, ரேம் விர்ச்சுவல் இல்லாமல் எவ்வளவு, ஸ்டோரேஜ் இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா (இஎம்எம்சி வேகம் குறைந்தது, பட்ஜெட் ஃபோன் மெதுவாவதற்கு இது பெரிய காரணம்), பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு, சார்ஜர் பெட்டியில் உண்டா, சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லிலேயே இருக்கிறதா. மெகாபிக்சலைப் பற்றிக் கேட்க வேண்டாம். 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தரும், அது ஏமாற்று இல்லை. பெட்டியைக் கடையிலேயே பிரித்து, உங்கள் சிம்மைப் போட்டு, மேலே 5ஜி வருகிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் பெட்டியிலும் பில்லிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் ஐந்நூறு குறைக்கிறேன் என்றால் வேண்டாம். பழைய ஃபோன் வாங்குவதாக இருந்தால், 'கேஒய்எம்' என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் ஓர் இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணையும் 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்கள். திருட்டு ஃபோன் என்று தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

மறுபடியும் தவணை என்றால், கையெழுத்துக்கு முன் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். வட்டியில்லாத் தவணை என்று சொன்ன கடனில் ஃபைல் சார்ஜ், டிஸ்ப்ளே காப்பீடு, கூடுதல் வாரண்டி என்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அந்தத் தாளில்தான் தெரியும். தவணை கட்டாவிட்டால் ஃபோனைப் பூட்டும் செயலியை ஏற்றுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஆனால் முதலில் இந்தக் கடனின் பாக்கியைக் கட்டி, அது அறிக்கையில் சரியாகப் பதிவாகிவிட்டதா என்று சிபில் தளத்தில் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம்.