பத்து வயதுக் கனவும் இருபத்தேழு வயதுக் கணக்கும்

முப்பது வயதுக்குள் சொந்த வீடு என்று பத்து வயதிலேயே முடிவு செய்திருந்தேன். அப்பா 31 வயதில் வீடு கட்டினார். எனக்கு இப்போது 27. கைக்கு வரும் சம்பளம் 38,000. வாடகைக்கே 11,000 போய்விடுகிறது. எங்கே கோட்டை விட்டேன்?
– வாசகர், தாம்பரம்

வங்கியில் போடுகிற கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். மாதத் தவணை சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல்தான் பெரும்பாலும் கடன் தருவார்கள். 45 சதவீதம் என்று வைத்தால் உங்களால் 17,100 கட்ட முடியும். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் ஒரு லட்சம் கடனுக்கு மாதம் 868 ரூபாய். ஆக, உங்கள் சம்பளத்துக்குக் கிடைப்பது 19.7 லட்சம். பைக்குக்கு மாதம் 3,000 தவணை ஓடிக்கொண்டிருந்தால் அது 16 லட்சத்துக்கு இறங்கிவிடும். வீடு பார்க்கக் கிளம்பும் முன் சின்னக் கடன்களை அடைக்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டு விலை 45 லட்சம் என்று வையுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். 36 லட்சம் கடன், தவணை 31,248, கைப்பணம் 9 லட்சம். பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். இன்னொரு 4 லட்சம். அதையும் கையிலிருந்துதான் போட வேண்டும். மொத்தம் 13 லட்சம்.

அப்பாவோடு ஒப்பிடுவதானால் அவரிடம் மூன்று விஷயம் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். மனை வாங்கியது எந்த ஆண்டு, யார் பணத்தில்? அம்மாவின் நகை எத்தனை பவுன் போனது? குடிபோன நாளில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர், பஸ் இருந்ததா? வட்டி அன்று இன்றைவிட அதிகமாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த இடம் ஊராக வளர்வதற்கு முன்னால் மனை வாங்க முடிந்தது. நீங்கள் ஊர் வளர்ந்த பிறகு விலை கேட்கிறீர்கள்.

மாதம் 10,000 ரூபாய் அஞ்சலக ஆர்.டி.யில் போட்டால், 6.7 சதவீத வட்டியில், ஐந்தாண்டில் 7.13 லட்சம் சேரும். இதே வேகத்தில் 13 லட்சத்துக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டு பிடிக்கும். அதற்குள் விலையும் சும்மா இருக்காது. சம்பளம் ஏறும்போதெல்லாம் ஆர்.டி. தொகையையும் ஏற்றாவிட்டால் கணக்கு உதைக்கும். பத்து வயதில் 30 என்று எழுதியதை 35 என்று திருத்திக்கொள்ளுங்கள். 36 லட்சத்துக்குத் தவணை கட்ட 70,000 சம்பளமோ, வீட்டில் இரண்டாவது சம்பளமோ வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஆறாம் வகுப்பில் கலெக்டர் ஆவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். இப்போது 29 வயது, தனியார் வேலை. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. இரண்டு முறை விண்ணப்பித்து ஒருமுறைதான் எழுதினேன். இனி வழியில்லையா?
– வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது. ஐ.ஏ.எஸ்.ஸுக்கான யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில், தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று பொதுப் பிரிவினருக்கு 32 வயது ஆகியிருக்கக் கூடாது, ஓபிசிக்கு (மத்திய அரசுக் கணக்கில் இதர பிற்படுத்தப்பட்டோர்) 35. ஓபிசிக்கு 9 வாய்ப்பு. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளை எழுதினாலே ஒரு வாய்ப்பு கழியும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் கழியாது. எனவே உங்கள் கையில் இன்னும் 8. வயதுதான் முன்னால் தீரும்.

தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழை நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். கிரீமிலேயரில், அதாவது ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில், வரவில்லை என்று மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். பெற்றோரின் 8 லட்ச ரூபாய் வருமான வரம்பில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அது தெரியாமல் தாங்களே ஒதுங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்புறம் சிசாட் தாள், அதாவது முதல்நிலைத் தேர்வில் கணக்கும் தர்க்கமும் கேட்கிற இரண்டாம் தாள்: 200-க்கு 66 எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு வாங்கியும் பயனில்லை. கணக்கை விட்டு வருடங்கள் ஆனவர்கள் வழுக்குவது அங்கேதான்.

குரூப் 1 எழுதித் துணை ஆட்சியராகச் சேர்ந்து, பதவி உயர்வில் ஐ.ஏ.எஸ். பெற்றுக் கலெக்டர் ஆனவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பாதையையும் சேர்த்தே பிடியுங்கள்.

பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு வேலை. ஆறாம் வகுப்பில் நீங்கள் பார்த்தது அநேகமாக ஆண்டு விழாவில் பரிசு கொடுத்த கலெக்டராக இருக்கும். ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்குப் போய், பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் வரிசையில் நிற்கிற கூட்டத்தைப் பாருங்கள். அந்த மனுக்களைப் படிக்கிற வேலை உங்களுக்குப் பிடிக்குமா?

பெரியவனானதும் விடிய விடிய டிவி பார்ப்பேன், கேட்க ஆளிருக்காது என்று நினைத்திருந்தேன். இப்போது கேட்க ஆளில்லை. 9.30-க்கே கண் சொக்குகிறது.
– வாசகர், கரூர்

விடிகாலை எழுந்து பஸ் பிடிக்கிறவர் போலிருக்கிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். உடம்பு அதைக் கேட்கிறது. சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி உட்காருங்கள். ஞாயிறு வெகுநேரம் படுத்துக் கிடந்தால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை பஸ்ஸில் தலை ஆடும். முறுக்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்கு மேல் கடை இருக்காது.