சித்தப்பா ஏன் கனடாவில் இருக்கிறார்?

கேள்வி: ஐந்து வயது மகள், "சித்தப்பா ஏன் எங்களோட இல்லாமல் கனடாவில இருக்கிறார்?" என்று நச்சரிக்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: உண்மையைத்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். 1983 இனக்கலவரத்தையும், போரால் 1990இல் இங்கிருந்து சனம் வள்ளமேறி இந்தியா போனதையும் அவள் வளர்ந்தபிறகு சொல்லலாம், இப்போதைக்கு "சண்டை நடந்தது, பயமாயிருந்தது, வேறொரு நாடு இடம் கொடுத்தது" போதும். வேலைக்காகப் போனவர் என்றால் அதையே சொல்லுங்கள். சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மேற்குக் கரை நீர்கொழும்பு மீனவர்கள் நம் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுவதைக் காட்டுங்கள்: இவர்கள் திரும்பிப் போவார்கள், சித்தப்பா அங்கேயே தங்கிவிட்டார். அப்புறம், கனடாவின் கோடையில் இங்கே காலை 7 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30, ஒரு வீடியோ கோல் எடுத்து ஜன்னலுக்கு வெளியே இருட்டைக் காட்டச் சொல்லுங்கள். "எப்ப வருவார்?" என்று கேட்டால் மட்டும் பொய்த் தேதி சொல்லாதீர்கள், பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள்.